படைவீரர் பிள்ளைகளும் பொதுப்பணமும்

போருக்குச் சென்ற வீரன் திரும்பி வரவில்லையெனில், அவன் வீட்டுப் பிள்ளையை வளர்க்கும் கடமை யாரைச் சாரும்? இவ்வினா மிகப் பழமையானது. தமிழகத்து நடுகற்களும் கல்வெட்டுகளும் இதற்கு ஒரு விடை கூறுகின்றன. ஆநிரை மீட்கவும் ஊர் காக்கவும் பொருது வீழ்ந்த வீரனின் குடும்பத்திற்கு விடப்பட்ட நிலத்தை அவை ‘நெய்த்தோர்பட்டி’ என்றும் ‘உதிரப்பட்டி’ என்றும் குறிக்கின்றன. நெய்த்தோர், உதிரம் ஆகிய இரு சொற்களுக்கும் குருதி என்பதே பொருள். சிந்திய குருதிக்கு ஊரும் அரசும் செலுத்திய ஈடாக அந்நிலம் அமைந்தது.

நிலம் குடும்பத்தின் பசியைத் தீர்க்கும். ஆனால், பிள்ளைக்கு எழுத்தறிவிக்க ஆசான் வேண்டும், பள்ளி வேண்டும். உணவு, உறைவிடம், கல்வி ஆகிய மூன்றையும் ஒருங்கே அளிக்கும் பள்ளிகளைப் படைவீரர் பிள்ளைகளுக்கெனப் பொதுப்பணத்தில் நடத்தும் வழக்கம், பதினெட்டாம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் பிரித்தானிய ஆட்சி பரவிய நாடுகளில் வேரூன்றியது. அவ்வரலாற்றில் தமிழருக்கு இருவகைத் தொடர்பு உண்டு. கற்பிக்கும் முறையை வழங்கியோர் வரிசையில் அவர்கள் முன்னே நின்றனர். பொதுப்பணத்தின் பயனைப் பெற்றோர் வரிசையில் நெடுங்காலம் பின்னே நின்றனர். இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால், சென்னையில் தொடங்கிய ஒரு கணக்கு சிங்கப்பூரில் எவ்வாறு தொடர்ந்தது என்பது புலனாகும்.

எழும்பூர்க் கோட்டையில் ஒரு பள்ளி

கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் படையில் பணியாற்றிய ஐரோப்பியச் சிப்பாய்கள் பலர் போரிலும் நோயிலும் மாண்டனர். அவர்களுடைய பிள்ளைகள் ஆதரவின்றித் தெருவில் நின்றனர். அப்பிள்ளைகளுள் பெரும்பாலோரின் தாய்மார் இந்தியப் பெண்கள். பெண் குழந்தைகளுக்கென 1787-இல் சென்னையில் ஓர் இல்லம் தோன்றியது. இரண்டாண்டு கழித்து, 1789-இல், ஆண் பிள்ளைகளுக்கான இராணுவ அநாதைப் பள்ளி எழும்பூரிலிருந்த சிறு கோட்டையில் திறக்கப்பட்டது. இன்று எழும்பூர் இரயில் நிலையம் அமைந்துள்ள பகுதி அது. கும்பினி அரசின் உதவியும் ஐரோப்பியக் குடிகளின் நன்கொடையும் சேர்ந்தே அப்பள்ளியைத் தாங்கின.

பள்ளியின் கண்காணிப்பாளராக அமர்ந்தவர் ஸ்காத்லாந்தைச் சேர்ந்த சமயகுரு ஆண்ட்ரூ பெல். பள்ளிப் பணிக்கென வகுக்கப்பட்ட ஆண்டுக்கு 1,200 வராகன் ஊதியத்தை அவர் ஏற்க மறுத்துவிட்டார். படைப்பிரிவுகளின் சமயகுரு என்ற முறையில் வேறு பல பதவிகளின் ஊதியம் அவருக்கு வந்துகொண்டிருந்தது என்பதையும் உடன் கூறுதல் நடுநிலையாகும். ஊதியம் பற்றிய கவலை அவருக்கில்லை. கவலையெல்லாம் ஆசிரியர்களைப் பற்றியதே. குறைந்த சம்பளத்திற்கு வந்த துணையாசிரியர்கள் கற்பிப்பதில் அக்கறையற்றவர்களாக இருந்தனர். பிள்ளைகள் எழுத்துக் கூட்டவும் இயலாமல் மாதக்கணக்கில் தேங்கி நின்றனர்.

ஒருநாள் காலை குதிரையேறிச் சென்ற பெல், வழியில் ஒரு திண்ணைப் பள்ளியைக் கண்டார். தரையில் அமர்ந்த சிறுவர்கள், பரப்பிய மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகிக்கொண்டிருந்தனர். அக்கால ஆங்கிலேயர் தமிழரை ‘மலபாரிகள்’ என்றே குறித்தனர். பெல்லும் தாம் கண்டது ஒரு மலபாரிப் பள்ளி என்றே எழுதினார். தம் பள்ளியிலும் மணலெழுத்தைப் புகுத்துமாறு அவர் பணித்தபோது துணையாசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. ஆகவே, சாதாரணச் சிப்பாய் ஒருவரின் மகனான ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். முதிய ஆசிரியரால் முடியாததைச் சிறுவன் செய்து காட்டினான். மூத்த மாணவர் இளைய மாணவருக்குக் கற்பிக்கும் முறை பள்ளி முழுவதும் பரவியது.

சட்டாம்பிள்ளை என்ற சொல்லை அறிந்த தமிழருக்கு இம்முறை புதிதன்று. ஆசிரியர் ஒருவரே இருந்த திண்ணைப் பள்ளியில், கற்றுத் தேர்ந்த மூத்த மாணவன் மற்றவர்களுக்குப் பாடம் ஒப்பிப்பதும் அவர்களைக் கண்காணிப்பதும் வழிவழி வந்த பழக்கம். இத்தாலியப் பயணி பியெட்ரோ டெல்லா வாலே 1623-இல் கன்னட நாட்டு இக்கேரியில் சிறுவர்கள் மணலில் எழுதி ஒருவருக்கொருவர் பாடம் கூறிக்கொள்வதைக் கண்டு வியந்து எழுதியுள்ளார். பெல் மணலெழுத்தை மட்டுமே திண்ணைப் பள்ளியிலிருந்து பெற்றதாகக் கூறினார். மாணவர் மாணவருக்குக் கற்பித்தல் தம் கண்டுபிடிப்பு என்றே கருதினார். ஆனால், இலண்டனிலிருந்த கும்பினி இயக்குநர்கள் 1814-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் வங்காளத்திற்கு விடுத்த மடலில், இந்தியாவில் தொன்றுதொட்டு வழங்கிய கற்பித்தல் முறையே சென்னையில் சமயகுருவாக இருந்த பெல்லின் வழியாக இங்கிலாந்திலும் ஏற்கப்பட்டது என ஒப்புக்கொண்டனர்.

இங்கிலாந்து சென்ற சென்னை முறை

பெல் 1796-இல் தாயகம் திரும்பினார். மறு ஆண்டு எழும்பூர்ப் பள்ளியின் அனுபவத்தை இலண்டனில் சிறு நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரிலேயே அது பரவியது. ஜோசப் லங்காஸ்டர் என்பாரும் இதையொத்த முறையில் 1798 முதல் இலண்டனில் ஏழைச் சிறுவர்க்குப் பள்ளி நடத்தினார். 1811-இல் நிறுவப்பட்ட தேசியக் கழகம் பெல்லின் முறையை இங்கிலாந்து முழுவதும் கொண்டு சென்றது.

படைவீரர் பிள்ளைகளைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமான நிகழ்ச்சி செல்சீயில் நடந்தது. பிரெஞ்சுப் போர்களில் தந்தையை இழந்த பிள்ளைகளுக்காக 1801-இல் அரச இராணுவக் காப்பகத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1803-இல் பிள்ளைகள் அங்கு வந்து சேர்ந்தனர். நாடாளுமன்றம் ஒதுக்கிய பணத்தில் நடந்த அவ்வுறைவிடப் பள்ளியிலும் சென்னை முறை புகுந்தது. 1811, 1812-ஆம் ஆண்டுகளில் படைப்பிரிவு தோறும் பள்ளிகள் அமைக்க ஆணை பிறந்தபோது, அவற்றிற்கும் பெல்லின் முறையே வழிகாட்டியாயிற்று. பின்னர் 1840-களில் படைப்பள்ளி ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளியும் செல்சீயிலேயே தோன்றியது.

இங்கு ஓர் ஆண்டுக் கணக்கு கருதத்தக்கது. இங்கிலாந்தின் பொதுமக்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்ட அந்நாட்டு நாடாளுமன்றம் முதன்முதலாக 20,000 பவுன் ஒதுக்கியது 1833-இல்தான். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே படைவீரர் பிள்ளைகள் பொதுப்பணத்தில் உண்டு, உறங்கி, படித்தனர். உழவன் பிள்ளைக்கும் நெசவாளி பிள்ளைக்கும் பள்ளி நடத்துவது சமயச் சங்கங்களின் அறம் எனக் கருதிய அரசு, சிப்பாயின் பிள்ளையைத் தன் கடனாக ஏற்றது. கல்விக்கு அரசு பொறுப்பேற்கலாம், ஏற்க இயலும் என்பதற்கு அங்கு கிடைத்த முதற் சான்றுகளுள் இதுவும் ஒன்று.

இதில் கருணை மட்டுமே இருந்தது என்று கொள்வதற்கில்லை. படைக்கு இளைஞர் வேண்டும். அலுவலகத்திற்கு எழுத்தர் வேண்டும். சென்னையில் 1794-இல் தோன்றிய நில அளவைப் பள்ளி தன் முதல் மாணவர்களை எழும்பூர் அநாதைப் பள்ளியிலிருந்தே தேர்ந்தெடுத்தது. அந்நில அளவைப் பள்ளிதான் பின்னர் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. கும்பினி அளித்த பணம் தேர்ந்த உழைப்பாகக் கும்பினிக்கே திரும்பி வந்தது.

கொடுத்தவன் கையில் எஞ்சியது

கற்பிக்கும் முறையை ஈந்த திண்ணைப் பள்ளிக்கு என்ன கிடைத்தது? சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் மாநிலப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 12,498 பள்ளிகளில் 1,88,650 மாணவர்கள் பயில்வதாக 1826-இல் அவர் தம் குறிப்பில் எழுதினார். இப்பள்ளிகள் பெரும்பாலும் பெற்றோர் தரும் சிறு காசிலும் நெல்லிலும் உயிர் வாழ்ந்தன. ஆசிரியர்களைப் பயிற்றவும் அரசுச் செலவில் பள்ளிகள் அமைக்கவும் மன்றோ திட்டமிட்டார். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். திட்டம் அவர் எண்ணியவாறு வளரவில்லை. 1813-ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் இந்தியா முழுவதன் கல்விக்கும் ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாயை ஒதுக்கச் சொன்னது என்பதை இத்துடன் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

கும்பினிக்காகப் போரிட்ட இந்தியச் சிப்பாயின் பிள்ளையோ அநாதைப் பள்ளியின் வாயிலுக்கு வெளியே நின்றான். ஹென்றி லாரன்ஸின் முயற்சியால் 1847-இல் சனாவரிலும், அவர் மறைவுக்குப்பின் 1858-இல் உதகமண்டலத்திலும் உறைவிடப் பள்ளிகள் தோன்றின. அவை பிரித்தானியச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கானவை. சென்னைப் பள்ளியும் காலப்போக்கில் உதகைப் பள்ளியோடு இணைந்தது. இந்தியப் படைவீரர் பிள்ளைகளுக்கென அரசு நடத்தும் உறைவிடப் பள்ளி கிடைப்பதற்கு முதல் உலகப் போர் முடிய வேண்டியிருந்தது. 1922-இல் ஜீலத்திலும் ஜலந்தரிலும் அப்பள்ளிகளுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தென்னிந்தியாவில் பெங்களூரில் அத்தகைய பள்ளி அமைந்தது 1946-இல். எழும்பூர்ப் பள்ளி திறந்து அதற்குள் 157 ஆண்டுகள் கடந்துவிட்டன.

சிங்கப்பூரில் தொடர்ந்த கணக்கு

சென்னைப் படையின் காலடி சிங்கப்பூரிலும் பதிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தீவைக் காவல் புரிந்த சென்னைக் காலாட்படைச் சிப்பாய்களின் குடியிருப்பை, இன்றைய பொது மருத்துவமனைப் பக்கத்தில் வழங்கிவந்த ‘சிப்பாய் லைன்’ என்ற பெயர் நினைவூட்டுகிறது. 1834-இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பு ஒன்றும் நடந்தது. தக்க நூல்களும் போதிய மாணவர்களும் இன்மையால் அது நீடிக்கவில்லை. இத்தீவில் தமிழ்க் கல்வியின் தொடக்கம் அதுவே; அதன் பின்னர் நெடுங்காலம் தமிழ்ப் பள்ளிகளை நடத்தியவர்கள் சமயச் சபையினரும் சங்கத்தினரும் வணிகரும் தொழிலாளருமே.

1923-இல் பிரித்தானிய அரசு சிங்கப்பூரின் வடகரையில் பெருங் கடற்படைத் தளம் அமைக்க முடிவு செய்தது. 1938-இல் அதன் பெரிய உலர்துறை திறக்கப்பட்டது. செம்பவாங்கிலிருந்த அத்தளத்தில் தமிழரும் மலையாளிகளுமாக ஆயிரக்கணக்கான இந்தியர் உழைத்தனர். போருக்குப் பின் தளங்கள் விரிந்தன. பிரித்தானியப் படைக்குடும்பங்கள் பெருகின. அக்குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கடற்படை, தரைப்படை, விமானப்படை ஆகிய மூன்றும் பள்ளிகள் நடத்தின. மலேயாவின் கேமரன் மலையில், தானா ராத்தாவில், 1951 முதல் 1964 வரை சிலிம் பள்ளி என்னும் உறைவிட உயர்நிலைப் பள்ளியும் இயங்கியது. படைத்தலைவர் சிலிம் பெயரைத் தாங்கிய அப்பள்ளிக்குச் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகள் சென்றனர். அவசரகாலத்தின் நெருக்கடி மிகுந்த ஆண்டுகளில் அவர்கள் படைவண்டிகளின் காவலோடு மலையேறினர். ஆசிரியர் ஊதியமும் விடுதிச் செலவும் காவற்செலவும் பிரித்தானிய மக்களின் வரிப்பணத்திலிருந்து வந்தன.

அதே காலத்தில் தமிழ்ப் பள்ளிகளின் நிலை வேறு. சிராங்கூன் சாலையை அடுத்த நாரிஸ் சாலையில் இராமகிருஷ்ண மிஷன் சிறுவருக்கு விவேகானந்தர் பள்ளியும் சிறுமியருக்குச் சாரதாதேவி பள்ளியும் நடத்தியது. சப்பானியர் ஆட்சியும் சயாம் மரண இரயில்பாதையும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களைச் சிதைத்தன. ஆதரவற்ற சிறுவருக்கு அம்மிஷன் இல்லம் ஒன்றையும் நடத்தியது. அவ்வில்லம் பின்னர் பார்ட்லி சாலையில் நிலைபெற்றது. கடையநல்லூர் முஸ்லிம் லீக்கினர் 1946-இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டித் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டியபோது, கூலித் தொழிலாளர் ஆளுக்கு ஒரு வெள்ளி அளித்தனர். போர்க்கப்பலின் துருவைச் சுரண்டிய கை, தன் பிள்ளையின் மொழிக்கும் தானே காசு கொடுத்தது.

இவ்வேறுபாட்டைப் பகைமையோடு நோக்க வேண்டியதில்லை. அயல்நாட்டில் பணிபுரியும் வீரனின் பிள்ளைக்குக் கல்வி அளித்தது பிரித்தானிய அரசின் தவறு ஆகாது. ஈராண்டுக்கொரு முறை ஊர் மாறும் குடும்பத்தில் பிள்ளையின் படிப்பு துண்டு துண்டாகிவிடும். அதைத் தடுக்க உறைவிடப் பள்ளி ஏற்ற வழியே. இன்றும் பிரித்தானிய அரசு படைவீரர் பிள்ளைகளின் உறைவிடப் பள்ளிக் கட்டணத்தில் பெரும்பகுதியை ஏற்று, குறைந்தது பத்தில் ஒரு பங்கையேனும் பெற்றோர் செலுத்தச் சொல்கிறது. வினா இதுதான்: அத்தளத்தை இயக்கிய மற்றத் தொழிலாளியின் பிள்ளைக்கு அரசு கடன்பட்டதா, இல்லையா?

விடை அரசியல் மாற்றத்தோடு வந்தது. 1956-இல் வெளிவந்த அனைத்துக் கட்சிக் குழுவின் அறிக்கை, சீனக் கல்வியை ஆராய அமைக்கப்பட்ட குழுவினுடையதாயினும், ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்தப் பரிந்துரைத்தது. 1957-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அதற்கு வடிவம் தந்தது. சங்கங்களின் உண்டியலை நம்பியிருந்த தமிழ்ப் பள்ளி, அரசின் வரவு செலவுக் கணக்கில் உரிமையோடு இடம்பெறத் தொடங்கியது.

இரு நாடுகள், இரு வழிகள்

விடுதலைக்குப் பின் இந்தியா பழைய அமைப்பைக் கலைக்காமல் அதன் வாயிலைத் திறந்துவிட்டது. உதகையின் லாரன்ஸ் பள்ளி 1949-இல் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து கல்வி அமைச்சகத்திற்கு மாறியது. பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன் காலத்தில், 1961 முதல், சைனிக் பள்ளிகள் எழுந்தன. தமிழகத்தில் உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதிநகரில் 1962-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. நிலமும் கட்டடமும் மாநில அரசின் பொறுப்பு. பள்ளியை நடத்தும் படை அலுவலர்களை வழங்குவது பாதுகாப்பு அமைச்சகம். எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை உண்டு. இடங்களில் 25 விழுக்காடு பணியிலுள்ள வீரர், முன்னாள் வீரர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்படுகிறது. ஏனையவை பொதுமக்கள் பிள்ளைகளுக்கும் திறந்துள்ளன. 2021-22 கல்வியாண்டு முதல் எல்லாச் சைனிக் பள்ளிகளும் பெண் பிள்ளைகளுக்கும் இடம் தருகின்றன.

சிங்கப்பூர் வேறு வழியில் சென்றது. பிரித்தானியா தன் படைகளை மீட்டுக்கொள்வதாக 1968-இல் அறிவித்தது. நாட்டு வருவாயில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு அத்தளங்களைச் சார்ந்திருந்தது. 1971-இன் இறுதிக்குள் பெரும்பாலான படையினர் வெளியேறினர், படைப்பள்ளிகளும் மூடப்பட்டன. டோவர் சாலையிலிருந்த படைப்பள்ளியின் கட்டடத்தில் அவ்வாண்டே ஓர் அனைத்துலகப் பள்ளி எழுந்தது. அது 1975-இல் உலக ஐக்கியக் கல்லூரி என்னும் பெயர் பெற்றது.

இதற்கிடையில், 1967-இல் சிங்கப்பூர் தேசிய சேவையைச் சட்டமாக்கியிருந்தது. பதினெட்டு வயது நிரம்பிய ஆடவர் அனைவரும் படைப்பயிற்சி பெறும் நிலை வந்தது. அன்று முதல் இந்நாட்டில் படைவீரர் குடும்பம் என்றும் பொதுமக்கள் குடும்பம் என்றும் இருவேறு வகை இல்லாமற் போயிற்று. தேக்காவில் மளிகைக்கடை வைத்திருப்பவரின் மகனும் அமைச்சரின் மகனும் ஒரே சீருடையை அணிந்தனர். எல்லா வீடும் வீரர் வீடு எனில், வீரர் பிள்ளைகளுக்கெனத் தனிப்பள்ளி எதற்கு? இந்நாடு அத்தகைய உறைவிடப் பள்ளி எதையும் தோற்றுவிக்கவில்லை. 2003-இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம் குடிமக்களின் பிள்ளைகள் அனைவருக்கும் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கியது. ஒரு காலத்தில் சிப்பாயின் பிள்ளைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளப்பட்ட கடன், குடிமகன் ஒவ்வொருவரின் பிள்ளைக்கும் உரியதாக விரிந்தது.

இந்த விரிவில் தமிழர் ஓர் இழப்பையும் கண்டனர். பெற்றோர் ஆங்கிலப் பள்ளிகளை நாடியதால் தமிழ்ப் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைந்தது. கடைசித் தமிழ்ப் பள்ளியான உமறுப் புலவர் உயர்நிலைப் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. அதன் பெயரைத் தாங்கிய தமிழ்மொழி நிலையம் குட்டி இந்தியாவின் எல்லையில், பீட்டி சாலையில், அரசின் செலவில் தமிழ் கற்பித்து வருகிறது. பணம் இல்லாத காலத்தில் பள்ளிகள் இருந்தன. பணம் வந்த காலத்தில் பிள்ளைகள் வேறு பள்ளிகளுக்குச் சென்றுவிட்டனர். பொதுப்பணம் பள்ளியைக் கட்டித்தரும். பிள்ளையை அங்கு அனுப்பும் மனத்தைப் பெற்றோரே வளர்க்க வேண்டும்.

எழும்பூர்க் கோட்டையில் எட்டு வயதுச் சிறுவன் மணலைப் பரப்பிக் கற்பித்த வகுப்பிலிருந்து இன்றைய சிங்கப்பூர் வகுப்பறை வரை இரண்டேகால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அச்சிறுவனுக்கு வழிகாட்டிய திண்ணைப் பள்ளி ஆசானின் பெயரை எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை. அவருக்கு உதிரப்பட்டியும் இல்லை. ஊதியப் பட்டியலும் இல்லை. அவர் மணலில் எழுதிக் காட்டிய மொழி இன்று இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாக, பொதுப்பணத்தில் கற்பிக்கப்படுகிறது. தம் பிள்ளைகளை அம்மொழி வகுப்பில் ஊக்கத்தோடு அமரச் செய்வதே அவருக்குத் தமிழ்ப் பெற்றோர் செலுத்தக்கூடிய கைம்மாறு.